நாற்பத்தேழாம் பக்கத்தைப் படித்த ஊர்

மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன் நாவல் எழுதினால் அதை முழுதாகப் படிக்க ஆள் கிடைக்காது; ஆனால் நாற்பது வயதைத் தாண்டிய ஊர் ஜனம் மொத்தமும் அதில் ஒரு பக்கத்தையாவது படித்துவிடும்.

சொந்தமாக ஒரு புத்தகம் போட்டுவிட்டு, அதே ஊரில் காய்கறி வாங்கவும் பூசைக்குப் போகவும் வேண்டிய நிலையில் இருக்கும் சக எழுத்தாளர்களே, உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. "உங்க புத்தகத்தப் பத்திப் பேசிக்கினாங்க" என்று யாராவது ஆரம்பித்தாலே நாம் மீதிச் சில்லறைகூட வாங்காமல் நகர்ந்துவிடுவோம். வாசகர் கடிதம் வராதா என்று ஏங்குகிற எழுத்தாளர்கள் சென்னையில் இருக்கிறார்கள். நான் திண்டிவனத்தில் இருக்கிறேன். இங்கே வாசகர் கடிதமெல்லாம் எழுத மாட்டார். நேரே கடைக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார்.

இந்தக் கடையைப் போடுவதற்கு முன்னால் நான் சென்னையில் ஒரு பெரிய மாலில், கண்ணாடி ஷோரூமில் வேலை பார்த்தேன். அங்கே வசதியான வீட்டுப் பிள்ளைகள் வருவார்கள். ஒருவருக்கு ஃப்ரேம் எடுக்க ஐந்து பேர் வருவார்கள். நான் கவுன்டருக்கு இந்தப் பக்கம் லென்ஸைத் துடைத்தபடி நிற்பேன். நான் ஒருவன் நிற்பதே கண்ணில் படாமல், காதல், சண்டை, கோவா, அப்பா வாங்கிக்கொடுத்த கார் எல்லாவற்றையும் அவர்கள் என் முன்னாலேயே பேசித் தீர்ப்பார்கள். அதையெல்லாம் மனதில் போட்டு வைத்திருந்து, பல வருஷம் கழித்து எழுதியதுதான் 'கடல் பார்த்த ஃப்ளாட்'. ஐந்து நண்பர்கள், கடற்கரைச் சாலையில் ஒரு ஃப்ளாட். யாருக்கும் எந்தக் குறையும் கிடையாது, ஆனாலும் யாரும் சந்தோஷமாக இல்லை. அதுதான் கதை.

ஐந்து பேரில் தாரிணி என்ற பெண் மட்டும் ஏதோ ஒரு சின்ன ஊரிலிருந்து போய் அந்தக் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டவள். அந்த ஊரின் பெயரை நான் எழுதவில்லை. பெயர் சொல்லாத ஊர் என்றால் அது திண்டிவனம்தான் என்று திண்டிவனத்தில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். தாரிணியின் அப்பா கதையில் ஒரே ஒரு தடவை வருவார். கடைசிப் பக்கங்கள் வரை யாரும் போகவில்லை என்பதால் அவரை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

கிட்டத்தில் படிக்கும் அட்டை

ரீடிங் கிளாஸுக்குக் கண் பார்க்கும்போது கையில் ஒரு அட்டையைக் கொடுத்துப் படிக்கச் சொல்வோம். மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்ன எழுத்து. என் கடை அட்டை பல பேர் கட்டைவிரல் பட்டுப் பட்டு, கடைசி இரண்டு வரி அழிந்தே போய்விட்டது. புது அட்டை வாங்கலாம் என்று இருந்தபோது பதிப்பகத்திலிருந்து என் பிரதிகள் வந்து சேர்ந்தன. பார்த்தால், அந்த அட்டையைவிட என் நாவலே வசதியாக இருந்தது. பின்னட்டையில் கொட்டை எழுத்து, அத்தியாயத் தலைப்பு கொஞ்சம் சின்னது, கதை அதைவிடச் சின்னது, முதல் பக்கத்து உரிமை விவரங்கள் எறும்பு மாதிரி. ஒரு பிரதியைப் பரிசோதனை மேஜையில் வைத்துவிட்டேன்.

எழுதியவனுக்கு ஒரு ஆசை இருக்குமில்லையா, எனக்குப் பிடித்த நாற்பத்தேழாம் பக்கத்தையே பிரித்துப் பிரித்துக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் பைண்டிங் அந்த இடத்தில் விட்டுக்கொடுத்து, எங்கே பிரித்தாலும் அதே பக்கம் வந்து விழ ஆரம்பித்தது. "தாரிணி பால்கனிச் சுவரில் சாய்ந்து வைன் கிளாஸை மெல்லச் சுழற்றினாள். ஊரில் எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், என்றாள். நான் போகப் போவதில்லை. மற்ற நால்வரும் சிரித்தார்கள். கீழே கடல் இருந்தது." இதுதான் அந்தப் பக்கம். அடுத்த பத்தியில் ராத்திரி பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு வரவழைத்து, பாதிக்கு மேல் அப்படியே வைத்துவிட்டுத் தூங்கப் போவார்கள்.

முதல் வாசகர் கிளியனூர்ப் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வியாபாரம் செய்கிறவர். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டேன். அவர் விரலை வைத்து வரி வரியாக நிதானமாகப் படித்தார். பக்கம் முடிந்த பிறகும் தலையை நிமிர்த்தவில்லை. நாவல் அவரைப் பிடித்துக்கொண்டது என்று நான் உள்ளுக்குள் பூரித்துப் போனேன். கடைசியில் லென்ஸ் செருகிப் பார்க்கிற ட்ரையல் ஃப்ரேமைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "எழுத்து பளிச்சினு தெரியுது சார். இந்தப் பசங்களுக்கு வேலவெட்டி ஒண்ணும் கெடையாதா?"

செஞ்சிப் பக்கத்து நயினார்

வைன் என்ற சொல்லைப் பார்த்ததும் பலருக்கும் முகம் மாறும். சிலர் அந்தச் சொல்லை மட்டும் மனதுக்குள் படித்துவிட்டு அடுத்த சொல்லிலிருந்து வாய்விட்டுப் படிப்பார்கள். ஒரு அம்மாள் "ஜூஸ் கிளாஸை" என்று தானாகவே திருத்திப் படித்தார். அது பார்வைக் கோளாறா இல்லையா என்று எனக்குக் கொஞ்ச நேரம் குழப்பமாகிவிட்டது.

செஞ்சிப் பக்கத்திலிருந்து ஒரு ஜைனப் பெரியவர் வந்தார், நிலபுலன் உள்ள நயினார் குடும்பம். பொழுது சாய்வதற்குள் இரவுச் சாப்பாட்டை முடித்துவிடுகிற வீடு. முட்டை வாசனைகூட அறியாத மனிதரிடம் இந்தப் பக்கத்தைக் கொடுக்கலாமா என்று தயங்கி, செய்தித்தாளை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை ஒதுக்கிவிட்டு மேஜையில் இருந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டார். அது நாற்பத்தேழாம் பக்கத்தில் விழுந்தது. நான் அவருக்குப் பின்னால் நின்று வியர்த்துக்கொண்டிருந்தேன். வைனைக் கடந்தார். மாப்பிள்ளையைக் கடந்தார். சாப்பாடு வருகிற இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார். அந்த வரியைத் திரும்ப ஒரு முறை படித்தார். முகத்தில் உண்மையான கவலை. "பன்னெண்டு மணிக்கா சாப்புடுதுங்க? பெத்தவங்க யாரும் கிட்ட இல்லியா, செரிக்குமா அதுங்களுக்கு?"

முதல் ஓலை

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயம். இதற்கிடையில் என் மகள் ரெஜினாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ஆல்பர்ட், விழுப்புரத்துப் பையன். இருவரும் சென்னையில் வேலை பார்க்கிறார்கள். அங்கேயே பழகி, பிடித்துப்போய், வீட்டில் சொன்னார்கள். ஆல்பர்ட்டின் அம்மா லூர்து மேரி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். புருஷன் இல்லாமல் ஒற்றை ஆளாக மகனை வளர்த்தவர். அதிகம் பேச மாட்டார். அவர் பேசாமல் இருந்தால் எனக்குக் கூடுதல் பயம்.

எங்கள் கத்தோலிக்க ஜனத்தில் கல்யாணத்துக்கு முன்னால் ஓலை வாசிப்பார்கள். பெண் ஊர்க் கோயிலிலும் மாப்பிள்ளை ஊர்க் கோயிலிலும் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் இரண்டு பேர் பெயரையும், பெற்றோர் பெயரையும் வாசித்து, இவர்கள் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது யாருக்காவது தெரிந்தால் பங்குச் சாமியாரிடம் சொல்ல வேண்டும் என்று அறிவிப்பார்கள். ஈஸ்டர் முடிந்து முதல் ஓலை வாசிக்கப்பட்டது. வாசித்தவர் கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கிற சூசை உபதேசியார். ஆல்பர்ட்டின் பெயரில் கொஞ்சம் தடுமாறினார். பூசை முடிந்ததும் என்னைப் பார்த்து, "கண்ணு தகராறு பண்ணுதுப்பா, நாளைக்குக் கடைக்கு வர்றேன்" என்றார். நானும் பெரிய மனசு பண்ணி, வாங்க பார்த்துவிடலாம் என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் என் வாயில் நானே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

மறுநாள் வந்தார். கடையில் பாடற்குழுப் பெண்கள் இரண்டு பேர் ஃப்ரேம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே லென்ஸ் பெட்டியை எடுத்து வருவதற்குள் உபதேசியார் புத்தகத்தை எடுத்துவிட்டார். அவருக்கு மனதுக்குள் படிக்கத் தெரியாது. எதைப் படித்தாலும் பலிபீடத்துக்குப் பக்கத்தில் நின்று படிக்கிற குரல்தான். ஊரில் எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், நான் போகப் போவதில்லை என்பதை அவர் நிறுத்தி, இழுத்து, கடைசிப் பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார். பாடற்குழுப் பெண்கள் ஃப்ரேமைக் கீழே வைத்தார்கள். உபதேசியார் பக்கத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "ஏம்பா அருளு, நம்ம ரெஜினாவும் மெட்ராஸ்லதான ரூம் எடுத்துக்கினு இருக்குது?"

ஓமந்தூர்க்காரரின் ஞாபகசக்தி

அது ஹாஸ்டல், நான்கு பேர் ஒரு அறை, வார்டன் இருக்கிறார், ஒன்பது மணிக்குக் கேட் பூட்டிவிடுவார்கள் என்றெல்லாம் நான் சொன்னேன். யாரும் கேட்காத விஷயத்தை விளக்கினால் சந்தேகம்தான் வளரும் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் பயத்தில் வாய் நிற்கவில்லை. அன்றைக்கே புத்தகத்தை மேஜையிலிருந்து எடுத்து, லென்ஸ் துடைக்கும் துணிக்கு அடியில் ஒளித்துவிட்டேன். செய்தித்தாளைக் கொடுத்தால் வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். "அந்தப் பால்கனிப் பக்கத்தக் குடு சார்" என்று பெயர் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார்கள்.

என் மனைவி செலின் கடைக்குப் பின்கட்டில்தான் சமைப்பாள். எல்லாம் அவள் காதில் விழும். சாம்பாரைத் தாளித்துக்கொண்டே, ஊரில் எழுதுகிறவர்களெல்லாம் ஏரி, கழனி, மல்லாட்டை என்று எழுதும்போது நீ மட்டும் ஏன் பால்கனியில் போய் நின்றாய் என்று கேட்டாள்.

அந்த வாரம் ஓமந்தூரிலிருந்து ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் வந்தார். ட்ரையல் ஃப்ரேமை அவர் மூக்கில் மாட்டிவிட்டு லென்ஸ் எடுக்கத் திரும்பினேன். அவர் எப்படியோ துணிக்கு அடியிலிருந்த புத்தகத்தைக் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டார். நான் இன்னும் லென்ஸே போடவில்லை. வெறும் ஃப்ரேம் வழியாகப் பார்த்துக்கொண்டு தாரிணியில் தொடங்கி கடல் வரைக்கும் ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தார். கையில் இருந்த புத்தகம் தலைகீழாக இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் தொழிலில் இதைவிடக் கேவலம் கிடையாது. இத்தனை நாளாக நான் யார் யாருக்கு எந்தப் பவர் கொடுத்தேனோ, எத்தனை பேர் பார்க்காமலேயே படித்தார்களோ. அதைவிடப் பெரிய கவலை, இவருக்கு எப்படித் தெரியும் என்பது. அவர் வெகுளியாகச் சிரித்தார். "வெழுப்புரம் பஸ்ஸுல ரெண்டு பொம்பளைங்க சொல்லிக்கினே வந்தாங்க சார், அந்தப் பொண்ணு உங்க பொண்ணாமே, நெஜமா?"

போனில் ரெஜினா

விழுப்புரம் பஸ் என்ற சொல்லைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. விழுப்புரம் பஸ்ஸில் ஏறிய பேச்சு எங்கே இறங்கும்? மாப்பிள்ளை ஊர்க் கோயில் வாசலில்தான் இறங்கும். அங்கேயும் இதே ஓலையைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

ரெஜினாவுக்கு போன் போட்டு, நீ என் புத்தகத்தைப் படித்தாயா என்று கேட்டேன். புத்தகம் வந்த உடனேயே அனுப்பியிருந்தேன். பாதி படித்ததாகச் சொன்னாள். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். எத்தனை பயத்திலும் இந்தக் கேள்வியை நாம் கேட்காமல் விடுவதில்லை. அவள் யோசித்து, அந்த ஃப்ளாட்டில் ஐந்து பேர் இருக்கிறார்கள், ஒருவர்கூட காலையில் பாத்ரூமுக்கு வரிசையில் நிற்கவில்லை, துணி காயப்போட இடமில்லை என்று சண்டை போடவில்லை, அதனால் தன்னால் நம்ப முடியவில்லை என்றாள். அவர்கள் வசதியான பிள்ளைகள், ஆளுக்கொரு பாத்ரூம் என்று நான் விளக்கினேன். தாரிணி யார் என்று கேட்டாள். யாரும் இல்லை, கற்பனை என்றேன். ஊரில் நடப்பதை அப்புறம்தான் சொன்னேன். அவள் குரல் மாறியது என் காதுக்குத் தெரிந்தது. "ஆல்பர்ட்டோட அம்மாவுக்கு என்னை இப்பதான் மெதுவாப் புடிக்க ஆரம்பிச்சிருக்குப்பா. உன் கதையால இது நின்னுச்சின்னா நான் ஊருக்கே வரமாட்டேன்."

ஃபாதர் கூப்பிட்டார்

இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறு. உபதேசியார் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு தடுமாற்றமும் இல்லாமல் வாசித்தார். தடை ஏதாவது தெரிந்தால் என்ற இடம் வந்ததும் பெண்கள் பக்கத்தில் நாலைந்து தலைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. நான் முழங்காலில் நின்றபடி ஜெபமே மறந்துபோய் அந்தத் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பூசை முடிந்ததும் ஃபாதர் என்னை அறைக்கு வரச் சொன்னார்.

ஃபாதர் இளவயசுக்காரர், இங்கே வந்து அதிக காலம் ஆகவில்லை. உட்காரச் சொன்னார். இரண்டு பேர் வந்து உங்கள் பெண் வேறு யாரோடோ தங்கியிருப்பதாகவும், இந்தக் கல்யாணமே வேண்டாம் என்று சொன்னதாகவும், அது அச்சிலேயே வந்திருப்பதாகவும் சொன்னார்கள் என்றார். அது கதை ஃபாதர் என்று சொல்வதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பொதுவாக நான் அழுகிற ஆள் இல்லை. ஃபாதர் கையமர்த்தினார். நீங்கள் புத்தகத்தைப் படித்தீர்களா என்று அவர்களிடம் கேட்டாராம். ஒருத்தி, ஒரு பக்கம் படித்தேன் என்றாளாம். இன்னொருத்தி, அந்தப் பக்கத்தைப் படிக்கக் கேட்டேன் என்றாளாம். ஃபாதர் எழுந்து கதவு வரைக்கும் என்னோடு வந்தார். "முழுசாப் படிச்சவங்க ஒருத்தர் வந்து சொன்னா அப்பறம் பாக்கலாம்னு அனுப்பிட்டேன், நீங்க வீட்டுக்குப் போங்க."

விழுப்புரத்துக்கு ஒரு பிரதி

அந்த ஆறுதல் சாயங்காலம் வரைக்கும்தான் நீடித்தது. ஆல்பர்ட் போன் செய்தான். நல்ல பையன், சுற்றி வளைக்கத் தெரியாது. "அங்கிள், அம்மாவுக்கு உங்க புக் ஒண்ணு வேணுமாம், முழுசாப் படிக்கணுமாம்" என்றான். ஃபாதர் சொன்ன அந்த 'முழுசாப் படிச்சவங்க ஒருத்தர்' யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நாற்பத்தேழாம் பக்கம் வெறும் வைன். அதற்குப் பிறகு வருவதெல்லாம் அதைவிட மோசம். தாரிணி நிச்சயம் பண்ணிய கல்யாணத்தை ஒரு எஸ்.எம்.எஸ்ஸில் நிறுத்துவாள். பெரிய எழுத்தாளன் என்று நினைத்துக்கொண்டு அந்தக் கட்டத்தை நான் நான்கு முறை திருத்தி எழுதியிருந்தேன். சில பக்கங்களைக் கிழித்துவிட்டு அனுப்பலாமா என்று செலினிடம் கேட்டேன். கிழிந்த புத்தகத்தைப் பார்த்தால் கிழித்த பக்கத்தில் என்ன இருந்தது என்றுதான் யாரும் முதலில் கேட்பார்கள் என்றாள். தபாலில் போடவும் மனசு வரவில்லை. நானே எடுத்துக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினேன்.

வழி நெடுக, புத்தகத்தை சீட்டிலேயே மறந்த மாதிரி விட்டுவிட்டு இறங்கலாமா என்ற யோசனைதான். ஜங்ஷனுக்குப் பின்னால் அவர்கள் வீடு. லூர்து மேரி அம்மாள் கதவைத் திறந்தார். உள்ளே வாங்க என்றார். இருக்கட்டும், வேறு ஒரு வேலையாக வந்தேன், அவசரமாகப் போக வேண்டும் என்று வாசலில் நின்றபடியே புத்தகத்தை நீட்டினேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வெறுங்கையோடு போகக்கூடாது என்று செலின் ஒரு பை மல்லாட்டை வறுத்துக் கொடுத்திருந்தாள். அதையும் கதவோரம் வைத்துவிட்டுத் திரும்பினேன். அவர் எதையோ படிக்கிற மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். படியிறங்கும்போது பின்னாலிருந்து வந்த குரலுக்கும் நான் நிற்கவில்லை. "காபி கலக்கறேன் சம்பந்தி."

மூன்றாம் ஓலைக்கு மறுநாள்

அந்த வாரம் முழுக்க விழுப்புரத்திலிருந்து ஒரு சேதியும் இல்லை. ரெஜினா போனில் ஒற்றைச் சொல்லாகப் பதில் சொன்னாள். செலின் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டே என்னை முறைத்தாள். யாராவது கடைக்குள் கால் வைத்தால், விழுப்புரத்திலிருந்து வருகிறீர்களா என்று கேட்கத் தொடங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலையும் வாசித்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. ஆனால் மாப்பிள்ளை ஊரில் என்ன நடந்தது என்று தெரியவில்லை.

மறுநாள் காலையில் லூர்து மேரி அம்மாள் கடைக்குள் நுழைந்தார். தனியாக வந்திருந்தார். கண் செக் பண்ண வேண்டும் என்றார். செய்தித்தாளை எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. பைக்குள்ளிருந்து என் நாவலை எடுத்தார், பழுப்புத் தாளில் பள்ளிக்கூடப் புத்தகம் மாதிரி அட்டை போட்டிருந்தார். அது நாற்பத்தேழாம் பக்கத்தில் விழவில்லை. கடைசிக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு காலண்டர் தாள் செருகிய இடத்தைப் பிரித்து, தன்னுடைய பழைய கண்ணாடியையே போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். தாரிணியின் அப்பா அந்த ஃப்ளாட்டுக்கு வருகிற இடம் அது. "அவர் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். தாரிணி குளிக்கிறாள் என்றார்கள். உள்ளே வந்து உட்காருங்கள் என்று நால்வரில் யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்பதல்ல, அவர்களுக்குத் தோன்றவில்லை. மல்லாட்டைப் பையைக் கதவோரம் வைத்துவிட்டு, லிஃப்ட் எந்தப் பக்கம் என்று கேட்டார்."

அதை நான் எழுதியது ரெஜினா வேலைக்குச் சேர்ந்த புதிதில். ஹாஸ்டலுக்குள் ஆண்களை விட மாட்டார்கள். கேட்டில் ஒரு பையைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன். மகள் இனிமேல் நான் நுழைய முடியாத ஒரு இடத்தில் இருக்கிறாள் என்ற பயம் அன்றைக்குத்தான் வந்தது. ஹாஸ்டல் கேட்டை எழுதினால் அது நான்தான் என்று தெரிந்துவிடும் என்பதால், மாலில் பார்த்த பணக்காரப் பிள்ளைகளின் கதவில் கொண்டுபோய் அந்த மனிதரை நிறுத்தினேன். போன வாரம் விழுப்புரத்தில் அதே மாதிரி நின்றுவிட்டு வந்ததை அவர் படிக்கும்போதுதான் உணர்ந்தேன். வைனைப் பற்றி ஏதாவது சொல்லவேண்டுமே என்று வாயெடுத்தேன். ஆஸ்பத்திரியில் எல்லா விதக் குடியையும் பார்த்தாகிவிட்டது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். விழுப்புரத்துக் கோயிலிலும் இரண்டு பேர் புகார் சொல்ல வந்தார்களாம். முழுசாகப் படித்துவிட்டுத்தான் நிற்கிறேன் என்று இவர் சொன்னதும் போய்விட்டார்களாம். அவர் கண்ணுக்குப் பவர் மாறவே இல்லை, பழைய கண்ணாடியே சரியாக இருந்தது. புத்தகத்தை மூடிப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். "அன்னிக்கி வாசல்ல நின்னுட்டுப் போனப்ப, எங்க வூட்ட மதிக்கலன்னு எனக்குக் கோவம் சம்பந்தி. இதப் படிச்சப்பறந்தான் ஏன் நின்னீங்கன்னு தெரிஞ்சுது. கல்யாணத்துக்கு அப்பறம் மல்லாட்டைய எடுத்துக்கினு எப்ப வேணா வாங்க, ஆனா உள்ள வந்து உக்காந்துதான் போவணும்."

ஊரே ஒரு பக்கம் படித்த புத்தகத்தை ஒரே ஒருவர் முழுதாகப் படித்தால் எழுதியவனுக்குப் போதும், என்ன, அந்த ஒருவர் சம்பந்தியாக அமைந்துவிட்டால் மூன்று ஓலை முடிகிற வரைக்கும் சோறு மட்டும் இறங்காது.